கொக்கிளாய்க் களப்பில் பறவை பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

நிலாவெளியில் குளிக்க வருகிறவர்கள் ஆடி, ஆவணியில் போன் எடுத்துக் கேட்பார்கள்: "புல்மோட்டைப் பக்கம், கொக்கிளாய்க் களப்பில் பூநாரை நிற்குதாமே, ஒருக்கா போய்ப் பார்ப்பமா?" முதல் பிழையே இதுதான். நமக்குக் கடல் அமைதியாகக் கிடக்கும் மாதங்களில் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை இங்கே இல்லை. ஐப்பசியை ஒட்டி வந்து, சித்திரைக்குள் வடக்கே திரும்பிவிடும். மார்கழியில் வந்தாலும் களப்பு முட்டத் தண்ணீர். குட்டைக்கால் உள்ளான் எங்கே நிற்பது? தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் மாசி, பங்குனிதான் தோது.

அப்போ கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் இந்த மாதங்களில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, காலடியில். ஆக்காட்டி, சிறு ஆலா, உப்புக்கொத்தி எல்லாம் வெட்டைத் தரையில்தான் முட்டையிடும். கூடு என்று சொல்ல ஒரு சின்னக் குழிதான். வெறும் மணல்திட்டு என்று நினைத்து நானும் ஒருமுறை நடந்தேன். முன்னால் ஒரு உப்புக்கொத்தி, சிறகு முறிந்ததுபோல இழுத்து இழுத்து ஓடியது. ஐயோ பாவம் என்று பின்னால் போகப் பார்த்தேன். கூட வந்த மீன்பிடிக்காரர், "தம்பி, அப்படியே நில்லுங்க" என்றார். என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி மூன்று முட்டை, மணல் நிறத்தில் கரும்புள்ளியோடு. சிறகு முறிந்ததெல்லாம் நம்மை அப்பால் இழுக்கும் நடிப்பு.

தாய்ப்பறவை எழும்பிப் போனால் வெயில் முட்டையை அவித்துவிடும். ஆக்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கிற பறவை. அது தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

பூநாரையைப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆசையும், ட்ரோனும் இன்னொரு தொல்லை. அது தலையைக் கவிழ்த்து, சேற்றுத்தண்ணீரை அலகால் வடித்து வடித்துத்தான் வயிறு நிரப்புகிறது. எழும்புவதற்கே தண்ணீரில் ஓட வேண்டும். நமக்கு ஒரு படம், அதற்குச் சாப்பாடும் போச்சு, பலமும் போச்சு.

நிலாவெளிக்கு முன்னால் கடலில் இருக்கும் புறாத்தீவு மாதிரி இங்கே டிக்கெட் இல்லை என்பதால் கேட்பாரற்ற இடம் என்று சிலர் நினைக்கிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை இரண்டு மாவட்டத்தையும் தொட்டுக் கிடக்கும் இந்தக் களப்பு 1951 முதல் சரணாலயம். உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டாம், சரி. வேட்டையாடினாலோ முட்டை, கூட்டை எடுத்தாலோ சட்டப்படி குற்றம்.

அப்புறம் குப்பை. சோற்றுப் பார்சலின் மிச்சத்துக்குக் காகம் வரும். வந்த காகம் முட்டையையும் விடாது. தூண்டில் போட்டால் அறுந்த தங்கூசியை, அதுதான் நைலான் நூலை, சுருட்டிப் பையில் போடுங்கள். நெடுங்கால் உள்ளானின் காலில் அது சுற்றினால், அவிழ்க்க அதுக்குக் கையா இருக்கு?