நிறுவிய ஆன்கி திறக்க மறுத்தால்

கேள்வி-பதில் அட்டைகளைக் கொண்டு மனனம் செய்ய உதவும் ஆன்கி (Anki) செயலி வெற்றுச் சாளரமாகவே நின்றால், கோளாறு பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில்தான். மெனு தெரிந்தால், அமைப்புகளில் வீடியோ டிரைவரை 'சாஃப்ட்வேர்' என்று மாற்றி, மூடித் திறக்கவும். வேகம் சற்றுக் குறையலாம். அட்டை படிக்க அது தாராளம்.

திறந்ததுமே பிழைச்செய்தி கொட்டுகிறதா? ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி திறந்து பாருங்கள். ஆட்-ஆன்கள் (நீங்கள் கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்கள்) ஏறாது. இப்போது ஒழுங்காக ஓடினால், சிக்கல் அவற்றில் ஒன்றில். எல்லாவற்றையும் முடக்கி, ஒவ்வொன்றாக இயக்கிக் கண்டுபிடியுங்கள்.

லினக்ஸில் எக்ஸ்சிபி (xcb, சாளரத்தைத் திரையில் காட்ட உதவும் பகுதி) பிளகின் பிழை வந்தால், பெரும்பாலும் எக்ஸ்சிபி கர்சர் லைப்ரரி இல்லை. உபுண்டுவில் ஏப்ட் (apt) என்ற நிறுவல் கட்டளை மூலம் அதை நிறுவலாம்.

அவசரத்தில் பழைய பதிப்புக்குத் தாவாதீர்கள். புதியது மாற்றிய தரவுத்தளத்தைப் பழையது திறக்காமல் போகலாம். எதற்கும் முன், ஆன்கி2 கோப்புறையை முழுதாக நகலெடுத்து வையுங்கள்; அட்டைகளும் படிப்பு வரலாறும் அதில்தான் இருக்கின்றன.