கொத்தனாரைக் கூப்பிடும் முன்: வெயில் தங்காத வீட்டுக்கு நீங்களே பிளான் போடுவது எப்படி?

திருச்சியில் ஏப்ரல் மாதம் இரவு 11 மணிக்கு எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வைத்தால், இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்துவைத்த சட்டை மாதிரி இருக்கும். வெளியே காற்று எப்போதோ குளிர்ந்திருக்கும். சுவர் மட்டும் பகலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த வீட்டைக் கட்டும்போது டைல்ஸ் கடையில் நான்கு நாள் செலவழித்தேன். மேற்கு எந்தப் பக்கம் என்று நான்கு நிமிடம் யோசிக்கவில்லை.

முதல்முறை வீடு கட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு 30க்கு 40 அடி மனை, அதாவது 1200 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். தேவையானவை ஒரு கிராஃப் நோட்டு, பென்சில், போனில் உள்ள திசைகாட்டி. இறுதி வரைபடத்தையும் கம்பிக் கணக்கையும் பொறியாளர்தான் போட வேண்டும். அவரிடம் போகும்போது எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் இந்தப் படிகள்.

படி 1: மனையில் ஒரு நாள் உட்காருங்கள்

காலை 8, மதியம் 12, மாலை 4 என மூன்று வேளை போய், நிழல் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று நோட்டில் அம்புக்குறி போடுங்கள். பக்கத்து வீட்டு மாடி உங்கள் மனையில் நிழல் போட்டால் அதையும் குறியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் நிழல் அது.

சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். திருச்சி அட்சரேகை 10.8 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறந்த சில நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகலில் வடக்குப் பக்கமாகவே இருக்கும். ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும்.

காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் நாம்: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். திருச்சி, கரூர், கோவைப் பக்கம் ஜூன் முதல் மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுதான் ராஜா. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று அதுதான். சென்னை மாதிரிக் கடலோரம் என்றால் பிற்பகலில் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ கடற்காற்று வரும். உங்கள் ஊர்க் காற்று எது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள், வானிலைச் செயலியைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

படி 2: அறைகளை இடம் பார்த்து வையுங்கள்

கிராஃப் நோட்டில் ஒரு கட்டம் ஓர் அடி. மேற்குப் பக்கம் முழுக்க, மாலையில் யாரும் உட்கார்ந்திருக்காத இடங்களாக வையுங்கள்: மாடிப்படி, ஸ்டோர் ரூம், குளியலறை. வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். படுக்கையறைகள் கிழக்கிலும் வடக்கிலும் வந்தால் நல்லது.

இங்கேதான் வாஸ்து குறுக்கே வரும். குடும்பத் தலைவர் கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் படுக்க வேண்டும் என்பார்கள். வெயில் கணக்குப்படி வீட்டிலேயே மோசமான மூலை அது. பிற்பகல் முழுக்க மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும், சூரியன் தெற்கே சாயும் மாதங்களில் தெற்குச் சுவரிலும் அடிக்கும். சண்டை போட்டுப் பயனில்லை, எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தாயிற்று. அந்த அறையின் மேற்குச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை அலமாரி வைத்துவிடுங்கள். துணிமணிகள் வெயிலுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும். ஜன்னல் தெற்கில் மட்டும். வெளியே இடம் இருந்தால் மேற்கில் ஒரு வேம்போ புங்கனோ, சுவரைவிட்டுப் பத்தடியாவது தள்ளி. தென்னை வைத்தால் நிழல் பக்கத்து வீட்டுக்குத்தான் விழும்.

செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் உள்ளே சேரும் சூட்டை மேலே அனுப்பிவிடும். 1200 சதுர அடியில் முற்றத்துக்கு எங்கே போவது? மாடிப்படிக் கூண்டை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கூண்டின் உச்சியில் திறந்து மூடும் ஜன்னல் ஒன்று போட்டால், சூடான காற்று படிவழியே ஏறி வெளியே போய்விடும். கட்டி முடித்தபின் இதைச் செய்ய நினைத்தால் சுவரை உடைக்க வேண்டும், இப்போதே வரையுங்கள்.

படி 3: கூரை. முதல் பணம் இங்கே

ஒரே மாடி வீட்டில் வெயிலை அதிகம் வாங்குவது கூரைதான். 5 அங்குல கான்கிரீட் தளத்தை வெறுமனே விட்டால் மாலைக்குள் சூடேறி, நள்ளிரவு வரை உங்கள் தலைக்கு மேல் அதை இறக்கிக்கொண்டிருக்கும். அப்போது மின்விசிறி போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும்.

பழைய வழி, தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, அதன் மேல் தட்டோடு பதிப்பது. இன்று கேட்டால், “சார், அதெல்லாம் யாரும் போடறதில்ல, நேரா கூலிங் டைல் ஒட்டிடலாம்” என்பார்கள். வெள்ளை டைல் வெயிலைத் திருப்பி அனுப்பும், அது உண்மை. ஆனால் அதில் புழுதி படிந்து சாம்பல் நிறமானால் வேலை பாதியாகிவிடும். ஜல்லித் தளத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, அழுக்கானாலும் சூட்டைத் தாமதப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. பணம் இடித்தால் குறைந்தபட்சம் ஒவ்வொரு மாசியிலும் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதை அடிக்க வேறொன்றில்லை.

தளம் போடும்போதே செய்யக்கூடியது ஃபில்லர் ஸ்லாப். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் கம்பிதான் இழுவிசையைத் தாங்குகிறது, அங்கே உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை வைத்து மேலே கான்கிரீட் ஊற்றுவார்கள். சிமென்ட் மிச்சம், ஓடுகளுக்கு இடையில் சிக்கும் காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். சிமென்ட் மிச்சமாவது சின்ன விஷயமில்லை: அதைத் தயாரிக்கச் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றி அந்தக் கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. ஆனால் ஃபில்லர் ஸ்லாப் செய்து பழகிய பொறியாளர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

படி 4: சுவர்

எல்லாச் சுவரையும் ஒரே மாதிரி கட்ட வேண்டியதில்லை. மேற்குச் சுவருக்கு ராட் ட்ராப் பாண்ட் (எலிப்பொறிக் கட்டு) கேட்டுப் பாருங்கள். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குவது. சுவர் அதே 9 அங்குலம்தான், நடுவில் காற்றுப் பொந்து இருக்கும், செங்கல்லில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம். கொத்தனாருக்குப் பழக்கம் இல்லையென்றால் முதலில் காம்பவுண்ட் சுவரில் கட்டிப் பழகச் சொல்லுங்கள்.

சூளையில் சுடாத மண்கல்லும் உண்டு. ஆரோவில்லில் 5 சதவீத அளவுக்குச் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்கிறார்கள். மண் பரிசோதனை கட்டாயம், கரிசல் மண் இதற்கு ஆகாது. அஸ்திவார மட்டத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு விடுபட்டால் எந்தக் கல்லில் கட்டினாலும் சுவரில் ஈரம் ஏறும், பின்னாலேயே பூஞ்சை, இருமல், மூச்சுத்திணறல்.

படி 5: ஜன்னல். கண்ணாடியைப் பார்க்காதீர்கள், திறப்பைப் பாருங்கள்

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் வீடுகளுக்கென்று ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளுக்கு, தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதில்தான் வரும், திறக்கக்கூடிய பரப்பு தரைப் பரப்பில் 16.66 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. விதி மொத்த வீட்டுக்குத்தான், நாம் அறைவாரியாகவே போட்டுப் பார்ப்போம்.

10க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. திறப்பு 20 சதுர அடி வேண்டும். 4க்கு 4 அடியில் இரண்டு ஸ்லைடிங் ஜன்னல் போடுகிறீர்கள், 32 சதுர அடி. போதும்போல் தெரிகிறதா? ஸ்லைடிங்கில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும், பாதிதான் திறக்கும். கிடைப்பது 16. தேறவில்லை. அதே அறைக்கு 3க்கு 4 அடியில் வெளிப்பக்கம் முழுக்கத் திறக்கும் கதவு ஜன்னல் இரண்டு போட்டால், மொத்தம் 24 சதுர அடியில் ஏறத்தாழ 21 கிடைக்கும். சின்ன ஜன்னல், கூடுதல் காற்று. ஸ்லைடிங் விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

இரண்டு ஜன்னலும் ஒரே சுவரில் வேண்டாம், எதிரெதிரே அல்லது அடுத்தடுத்த சுவர்களில் இருக்கட்டும். காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழி வேண்டும். கொசுவலை காற்றைக் குறைக்கத்தான் செய்யும், டெங்கு இருக்கிற ஊரில் அதை விடவும் முடியாது. வலைக்கும் சேர்த்தே திறப்பைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள்.

சன்ஷேடு விஷயத்தில் தெற்கும் மேற்கும் ஒன்றல்ல. டிசம்பர் நண்பகலில் 2 அடி சன்ஷேடு தெற்குச் சுவரில் கிட்டத்தட்ட 3 அடிக்கு நிழல் தரும். அதே 2 அடி, மேற்கில் ஏப்ரல் மாலை நாலரை மணிக்கு ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல்தான் நிழல் தரும், சூரியன் அவ்வளவு கீழே இறங்கியிருக்கும். மேற்கில் ஜன்னல் வைத்தே தீர வேண்டும், மேல்காற்று வேண்டும் என்றால் சிறிதாக, உயரத்தில் வைத்து வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். தட்டி வெளியேதான் இருக்க வேண்டும். உள்ளே திரை போட்டால் சூடு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

படி 6: சமையலறை, குளியலறை, பெயிண்ட்

புகைப்போக்கி வைத்தால் குழாய் வெளிச்சுவரைத் தாண்டிப் போக வேண்டும். வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், சூட்டை வெளியே தள்ளாது. குளியலறைக்கு ஒரு வெளிச்சுவர் இருந்தே ஆக வேண்டும்.

வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்த வரியைத் தேடுங்கள். பழைய கதவை வாங்கிப் போடுகிறவர்கள் பழைய பெயிண்டை உலர்வாகச் சுரண்டாதீர்கள், நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளைத் தள்ளி வையுங்கள். கார் ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம்.

படி 7: தண்ணீர்

1000 சதுர அடி மாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம், ஆனால் பல வீடுகளில் அது அனுமதிக்காக நட்டுவைத்த குழாய் மட்டும். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி, மிஞ்சினால் உறிஞ்சுகுழி. குளிக்கும் தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியே விடலாம். தொட்டி மூடியில் இடைவெளி விடாதீர்கள், டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

படி 8: கடைசியில் சோலார்

முதலில் மின்விசிறி. பழைய வகை 75 வாட், பிஎல்டிசி எனும் மின்சாரம் குறைவாக இழுக்கும் புது மோட்டார் வகை 30 வாட் அளவில். நான்கு விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 130 யூனிட் குறையும்.

இதெல்லாம் முடிந்தபின் சோலார் பேனல். 1 கிலோவாட்டுக்கு மாடியில் 100 சதுர அடி தேவை, நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவித்தார்கள். விண்ணப்பிக்கும் முன் இப்போதைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனலைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் 7 அடி உயரச் சட்டத்தில் ஏற்றச் சொல்லுங்கள். செலவு கூடும், ஆனால் மாடிக்குப் பந்தல் போட்ட மாதிரி, கீழே தளத்தில் வெயில் படாது. மாடி முழுக்க நிழலாக்கினால் வடாம் எங்கே காயவைப்பது என்று வீட்டில் கேள்வி வரும். கிழக்கு ஓரமாகப் பத்தடி விட்டுவிடுங்கள்.