பழைய போன், கம்ப்யூட்டர் வாங்கி விற்பவரா? புதிய மின்கழிவு விதியில் உங்கள் இடம் எது?

காயலான் கடை, செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிறவர்களுக்கு இது. இந்தியாவில் மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தன. 2016 அக்டோபரில் மாறின. 2023 ஏப்ரல் 1 முதல் மறுபடி மாறிவிட்டன.

படி 1: பழைய அனுமதியைப் பாருங்கள். அது பிரிப்பகம் அல்லது சேகரிப்பு மையம் என்ற பெயரில் இருந்தால் கவனம். புதிய விதி நால்வரைத்தான் பதியச் சொல்கிறது: தயாரிப்பாளர், விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனம், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர். கையால் பிரித்துப் பிழைப்பவருக்கு அதில் தனி இடமில்லை. இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

படி 2: நீங்கள் புதுப்பிப்பாளரா? வாடிக்கையாளரின் போனைச் சரிசெய்து அவரிடமே கொடுத்தால் இல்லை. பழையதை வாங்கிச் சரிசெய்து விற்றால் ஆம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். மிஞ்சும் கழிவை 180 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

படி 3: யாருக்கு விற்பது? பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு. பேரம் பேசுமுன் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். போன், டிவி விற்கும் நிறுவனங்களுக்கு மறுசுழற்சி இலக்கு உண்டு: 2023-24இல் 60 சதவீதம், 2025-26இல் 70, 2027-28 முதல் 80. அதை எட்ட அவை மறுசுழற்சியாளரிடம் ஈபிஆர் சான்றிதழ் (இவ்வளவு கழிவு மறுசுழற்சி ஆனது என்பதற்கான அத்தாட்சி) வாங்குகின்றன. சரக்கு வந்தால்தான் அவரால் சான்றிதழ் உருவாக்க முடியும். அந்தக் கணக்கு தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என்ற நான்கு உலோகங்களை வைத்துப் போடப்படுகிறது. ஆகவே தங்கமுள்ள போர்டும் செம்பும் அதிகமுள்ள சரக்கை மற்றதோடு கலந்து ஒரே எடையில் தள்ளிவிடாதீர்கள். எடை, தேதி எழுதிய ரசீதும் கேட்டு வாங்குங்கள்.

படி 4: பேட்டரியைத் தனியே வையுங்கள். அதற்கு 2022இல் வந்த வேறு விதி இருக்கிறது. ஒயரை எரிப்பது, போர்டை ஆசிட்டில் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். முதலில் கெடுவது உங்கள் நுரையீரல்.

படி 5: ஆபீஸ்களின் பழைய கருவிகளை ஏலத்தில் எடுக்கப் போகிறீர்களா? ஒரு நிதியாண்டில் எப்போதாவது 1000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்திய நிறுவனம் ‘மொத்த நுகர்வோர்’. அது பதிவுபெற்றவரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்கலாம். உங்களுக்குப் பதிவு இல்லையென்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒதுங்கிவிடுங்கள்.