பள்ளிக்கூடத்தின் மேல் கோபம், படிப்பின் மேல் ஆசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அரையாண்டு விடுமுறை. நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஓடிவந்தவர்கள் கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று கத்தியபோது தெருவில் நின்ற யாருக்கும் அதன் பொருள் விளங்கவில்லை. சுனாமி என்ற சொல்லையே எங்களில் பலர் மறுநாள் நாளிதழில்தான் முதன்முதலாகப் பார்த்தோம்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் இயற்பியல் வகுப்பில் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று ஆவலோடு போனேன். அலைகளைப் பற்றி ஏற்கெனவே பாடம் படித்திருந்தோம். ஊரே துக்கத்தில் இருந்தது. எங்கள் வகுப்பிலேயே வீட்டை இழந்தவர்கள் இருந்தார்கள். முதல் நாளே ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத் தேர்வு வைத்தார்கள். கடல் ஏன் அப்படி வந்தது என்று எழுந்து கேட்டேன். "பப்ளிக்கில் வராது, உட்கார்" என்பதுதான் பதில்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. அது நியாயமான கோபம் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கோபத்தில் நான் எடுத்த முடிவுகள் பலவும் தவறானவை. பள்ளி என்றால் முகம் சுளிக்கிற, ஆனால் இரவு பதினோரு மணிக்கும் தானாக எதையாவது தேடிப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன். அவர்களும் அதே பள்ளங்களில் விழுகிறார்கள்.

பள்ளியை முதலில் விட்டுவிட்டுப் பிறகு யோசிப்பது

இதுதான் அதிக விலை கேட்கிற தவறு. அந்த ஜனவரிக்குப் பிறகு நான் வகுப்புக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டேன். காலையில் சீருடையோடு கிளம்பி, புதுச்சேரி பஸ் ஏறி, ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்விடுவேன். 1827-இல் தொடங்கிய நூலகம் அது. பாரதி பூங்காவின் நிழலும் அந்த வாசிப்பு அறையும் எனக்கு எந்த வகுப்பறையும் தராததைத் தந்தன என்பது உண்மை. ஆனால் ரெக்கார்டு நோட்டில் பாதிச் சோதனைகள் எழுதப்படாமலே கிடந்தன. அன்று இயற்பியலில் 200 மதிப்பெண்ணுக்கு 50 செய்முறைத் தேர்வுக்கு உரியது. கையெழுத்தில்லாத ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்பட்டு நான் செய்முறைத் தேர்வுக்கே போகவில்லை. ஓராண்டு போனது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பள்ளியை விட்டு வெளியேறுவது தவறு என்று நான் சொல்லவில்லை. வழி இருக்கிறது, சட்டப்படியே இருக்கிறது. அந்த வழியை முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகு வெளியேறுங்கள். 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கும், 15 வயது நிறைந்தவர் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். பதிவு ஐந்தாண்டு செல்லும். அதற்குள் ஒவ்வொரு பாடமாகத் தேர்வு எழுதி முடிக்கலாம். தமிழ்நாட்டில் தனித்தேர்வராக எழுதும் வழியும் உண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுதுகிறவர் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பதிவு செய்து, அதற்குப் போய் வந்திருக்க வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதி வேறு, இந்தப் பதிவுக்கான தேதி வேறு. ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் விழித்துக்கொண்டு பயனில்லை. மேலே எந்தக் கல்லூரியில், எந்தப் படிப்பில் சேர நினைக்கிறீர்களோ அங்கே இந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று முதலிலேயே, முடிந்தால் எழுத்தில், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, அந்த வாரியத்தில் 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். பாகூரில் இருக்கிற சித்தப்பா மகன் சொன்ன யோசனை கடலூர்ப் பிள்ளைக்குப் பொருந்தாது.

புதுச்சேரி என்றதும் ஆசிரமப் பள்ளியையும் ஆரோவில்லையும் காட்டி, அங்கே எல்லாம் விருப்பப்படிதானே என்பார்கள். 1943-இல் ஆசிரமத்தில் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் பட்டமோ பட்டயமோ வழங்குவதில்லை. சான்றிதழுக்காகப் படிக்கக் கூடாது என்பது அவர்களின் கொள்கை. அங்கே பிள்ளைக்குக் கிடைப்பது சுதந்திரம் மட்டும் இல்லை. அந்தச் சுதந்திரத்தை அன்றாடம் கவனிக்கிற ஆசிரியர்களும் கூடவே இருக்கிறார்கள். அந்தக் கவனிப்பு இல்லாமல் சுதந்திரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் மூன்றாவது வாரமே பிள்ளை கைப்பேசியோடு படுத்துக்கிடக்கும்.

ராமானுஜனையும் வள்ளலாரையும் சாட்சிக்கு அழைப்பது

கோபக்காரப் பிள்ளைகள் எல்லோரும் இதைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். "கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், சென்னையில் எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்றவர், அவரே உலகக் கணித மேதை ஆகவில்லையா?" என்று அப்பாவிடம் வாதாடினேன். ராமானுஜன் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்றது உண்மை. அந்தக் கதையில் நமக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

மறுபாதி நம் மண்ணிலேயே நடந்தது. 1910-இல் ராமானுஜன் தன் குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு திருக்கோவிலூருக்கு வந்தார். அன்று அது கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்த ராமசாமி ஐயர் அங்கே துணை கலெக்டராக இருந்தார். ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயருக்கு அவரை வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் அமர்த்த மனம் வரவில்லை. சென்னையில் கணிதம் அறிந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கிருந்துதான் ஒவ்வொரு கதவாகத் திறந்து, 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் வரை போனது. அந்தக் கடிதங்களில் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதியவற்றில் தவறுகள் இருந்தன. ஹார்டி அதைச் சுட்டிக்காட்டினார். தனியாக உட்கார்ந்து கண்டுபிடித்தவற்றில் சில ஐரோப்பாவில் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவை. எத்தனை ஆண்டு உழைப்பு! அப்பேர்ப்பட்டவரே நோட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார், யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று.

வள்ளலாரை நம் மாவட்டத்தில் ஓதாதுணர்ந்தவர் என்று போற்றுகிறோம். மருதூரில் பிறந்து வடலூரில் அணையா அடுப்பை மூட்டிய அவர் பள்ளிக்கூட வழியில் வந்தவர் இல்லைதான். ஆனால் தேவாரத்திலும் திருவாசகத்திலும் தோய்ந்தவர், பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர். புத்தகத்தைத் திறக்காமல் இருப்பதற்கு அவரைத் துணைக்கு அழைப்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

விடை தெரிந்த பிறகு கணக்கை வளைப்பது

நான் செய்ததிலேயே மிக வெட்கப்படுவது இதற்குத்தான். இதை விரிவாகச் சொல்கிறேன்.

சுனாமியின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை நூலகத்தில் ஒரு புத்தகத்தில் கண்டேன். கடலின் ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேகம். சராசரி ஆழம் 3,000 மீட்டர் என்று வைத்தேன். விநாடிக்கு 171 மீட்டர் வந்தது, அதாவது மணிக்கு 617 கிலோமீட்டர். சுமத்ரா அருகே நிலநடுக்க மையத்திலிருந்து கடலூருக்கு வரைபடத்தில் அளந்தால் சுமார் 2,000 கிலோமீட்டர். வகுத்தால் மூன்றேகால் மணி நேரம். நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29-க்கு. ஆக, அலை 9.45-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். 9 மணியளவிலேயே கடல் ஏறிவிட்டதை எங்கள் ஊரே அறியும்.

நான் என்ன செய்தேன்? ஆழத்தை 5,000 மீட்டர் ஆக்கினேன். இரண்டரை மணி நேரம் என்று விடை வந்தது. நோட்டில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். பல வாரங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்துப் பெருமைப்பட்டேன்.

கடலூர் நூலகத்தில் தினமும் நாளிதழ் படிக்க வருகிற ஒரு பெரியவர், நெய்வேலிச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்து 5,000 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"தம்பி, இந்த ஐயாயிரம் எங்கிருந்து வந்தது?"

என்னால் பேச முடியவில்லை. வங்கக் கடலில் எங்குமே அவ்வளவு ஆழம் கிடையாது என்றார். பிறகு வரைபடத்தை விரித்து, நிலநடுக்கம் ஒரு புள்ளியில் நடப்பதில்லை, பிளவு சுமத்ராவில் தொடங்கி நிக்கோபார், அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கிழிந்துகொண்டு போனது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். நிக்கோபார்ப் பக்கமிருந்து கடலூருக்கு 1,500 கிலோமீட்டர்தான். மறுபடியும் 3,000 மீட்டர் ஆழத்தை வைத்தே போட்டேன். இரண்டு மணி இருபத்தாறு நிமிடம். என் சூத்திரமும் சரி, முதலில் வைத்த ஆழமும் சரி. தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பதுதான் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்தே நிமிடத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். யாரிடமும் காட்டாமல் இருந்ததால் பொய் விடையோடு அத்தனை வாரம் குடித்தனம் செய்தேன்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நோட்டைப் பார்க்க ஒரு ஆளைப் பிடியுங்கள். அவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பகுதியில் நெய்வேலியிலும் சிப்காட்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். கடலைக் கேட்க வேண்டுமென்றால் முதுநகர்த் துறைமுகத்தில் படகை ஏற்றி இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செடிகொடியும் ஓலைச்சுவடியும் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இலிருந்து அதே வேலையாக இருக்கிறது. போகும்போது "எனக்கு இதில் ஆர்வம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள். எழுதிய இரண்டு பக்கத்தைக் கொண்டுபோய், எந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்கள் என்று காட்டுங்கள். வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு அறிவுரைதான் கிடைக்கும்.

சின்னத் தவறுகள் சில

காணொளி பார்ப்பதைப் படிப்பு என்று எண்ணுவது. பார்த்து முடித்ததும் திரையை அணைத்துவிட்டு வெற்றுத் தாளில் நீங்களே விளக்கி எழுதிப் பாருங்கள். எழுத வராவிட்டால் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

மின்நூல்களைச் சேர்த்துக் குவிப்பதும் அப்படித்தான். அரசுப் பாடநூல்களும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தின் பழந்தமிழ் நூல்களும் இலவசமாகக் கிடைப்பது பெரிய கொடை. ஒரு நூலைப் பாதி தாண்டிய பிறகு அடுத்ததை இறக்கிக்கொள்ளலாம்.

ஆசிரியரைப் பிடிக்காததால் பாடத்தைக் கைவிடுவது. கணக்கு வகுப்பு நரகமாக இருந்ததால் நான் வகைநுண்கணிதத்தைத் தொடவே இல்லை. அந்த அலைச் சூத்திரம் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தபோது அதே பாடம் வழியை மறித்துக்கொண்டு நின்றது.

பெற்றோருக்கு

பிள்ளை பள்ளி பிடிக்கவில்லை என்றால் "சோம்பேறித்தனம்" என்று முடிவு கட்டாதீர்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்த தனியார் பள்ளிகளைத் தமிழ்நாடே பார்த்தது. அதில் மூச்சு முட்டுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதன் அறிவு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதே சமயம், அடியும் அவமானமும் கேலியும் காரணமா என்பதைத் தனியாகக் கேட்டறியுங்கள். அப்படி என்றால் அது பாடத்திட்டத்தின் பிரச்சினை இல்லை. உடனே தலையிட வேண்டியது.

"மார்க் வாங்கிவிட்டு என்ன வேண்டுமானாலும் படி" என்பதும் வேண்டாம். மார்க் வாங்கி முடிப்பதற்குள் அந்த ஆசை செத்துவிடும். வாரத்தில் சில மணி நேரத்தைப் பிள்ளைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள், டியூஷனுக்கும் சிறப்பு வகுப்புக்கும் அதில் கைவைக்காமல்.

என் அக்கா மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தை என்னைவிட அதிகமாகத் திட்டுகிறாள். ரெக்கார்டு நோட்டை மட்டும் அன்றன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சனிக்கிழமை மதியம் முழுக்க அவளுடையது. புதுச்சேரிக் கடற்கரையில் மணல் ஏன் காணாமல் போனது, 2018-இல் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு அமைத்த பிறகு எப்படித் திரும்பி வந்தது என்று இரண்டு மாதமாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறாள். தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலைத் துறைமுகத் தடுப்புச்சுவர் மறித்துவிட்டது என்பது வரை வந்திருக்கிறாள். போன வாரம் நோட்டைக் கொடுத்தாள். மழைக்காலத்தில் மணல் எந்தத் திசையில் நகரும் என்று எழுதியிருந்த வரியில் எனக்குச் சந்தேகம். பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். வருகிற சனிக்கிழமை இரண்டு பேருமாகத் தேவனாம்பட்டினம் போய், வலை காயவைக்கிற அண்ணன்மார்களிடம் கேட்கப்போகிறோம்.