துணைக்கு ஆள் இல்லாமல் படகு ட்ரெய்லரைக் காரில் மாட்டுவது எப்படி?

மீன் பிடிக்கப் போகலாம் என்று முடிவெடுக்கிற நாளில்தான் வீட்டில் எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிடும். சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு, "கொஞ்சம் பின்னால் நின்று கை காட்டு" என்று யாரை எழுப்புவது? எழுப்பினாலும் "வா, வா, வா" என்று சொல்லிவிட்டு, டமால் என்று சத்தம் கேட்ட பிறகு "நில்லு" என்பார்கள். அதற்குத் தனியாகவே மாட்டப் பழகிக்கொள்வது நல்லது.

நான் இருப்பது கனடாவில், டொராண்டோவுக்குக் கிழக்கே. என்னிடம் இருப்பது 14 அடி அலுமினியப் படகு, 9.9 குதிரைத்திறன் மோட்டார், ஒற்றை அச்சு ட்ரெய்லர். எல்லாம் சேர்ந்து சுமார் 300 கிலோ. வழக்கமாகப் போவது ரைஸ் ஏரிக்கு. 401 நெடுஞ்சாலையில் போர்ட் ஹோப் வரை போய், அங்கிருந்து 28-ஆம் எண் சாலையில் ஏறினால் ஏரியின் மேற்கு முனையில் பியூட்லி என்ற சின்ன ஊர். கீழே சொல்வதெல்லாம் இந்த அளவு படகுக்குத்தான். இருபது அடிக்கு மேல் போனால் ட்ரெய்லருக்கே பிரேக் இருக்கும், அது வேறு கதை.

முதலில் எண்கள்

உங்கள் காரின் கையேட்டை எடுத்து எவ்வளவு இழுக்கலாம் என்று பாருங்கள். பல சின்ன எஸ்யூவிகளுக்கு 680 கிலோதான் உச்சம். மேலே சொன்ன படகுக்கு அது தாராளம். ஒன்டாரியோவில் சாதாரண ஜி உரிமம் இருந்தால் 4,600 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். ட்ரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட் வேண்டும், ஒரு முறை கட்டணம் கட்டினால் போதும். மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டால் ட்ரெய்லருக்கு பிரேக் கட்டாயம். நமக்கு அந்தக் கவலை இல்லை.

அடுத்தது பந்தின் அளவு. காரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புப் பந்துதான் ட்ரெய்லரைத் தாங்குவது. வட அமெரிக்காவில் மூன்று அளவுகள் உண்டு: ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம், அதாவது 1⅞, அப்புறம் 2 அங்குலம், பெரிய வண்டிகளுக்கு 2 5/16 அங்குலம். ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்களுக்கு 50 மில்லிமீட்டர்தான் வழக்கம். பந்தின் தலையிலேயே அளவு பொறித்திருக்கும். ட்ரெய்லரின் முன்முனையில், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு இரும்பு வாய் இருக்கிறதே, அதன் பெயர் கப்ளர். அதன் மேலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குல கப்ளரை 1⅞ பந்தின் மேல் வைத்தால் அழகாக உட்காரும், தாழ்ப்பாளும் மூடும், பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். முதல் வேகத்தடையில் எகிறி வெளியே வந்துவிடும். பழைய ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் விற்றவர் சொன்னதை நம்பாமல் துருவைத் தேய்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

முன்பாரமா, பின்பாரமா?

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கும், மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் ஏறினால் மாடு திணறும். ட்ரெய்லரிலும் அதே கணக்குதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் முன்முனையில் இறங்க வேண்டும். 300 கிலோவுக்கு 30 முதல் 45 கிலோ. பின்பாரம் அதிகமானால் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். அது ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

அளப்பதற்குக் குளியலறை எடைமெஷின் போதும். அதன் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, காரில் மாட்டும்போது இருக்கிற உயரத்திலேயே கப்ளரை அதன் மேல் இறக்குங்கள். எண் குறைவாக இருந்தால் பேட்டரி, பெட்ரோல் கேன், நங்கூரம் என்று பின்னால் கிடப்பதை முன்னால் நகர்த்துங்கள். ஒரு முறை அளந்துவிட்டு, சாமான்களை எப்போதும் அதே இடத்தில் வைத்தால் போதும்.

காரைக் கொண்டுவருவது

இரண்டு வேலைகளை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். ஒன்று, ஐஸ்பெட்டியையும் தூண்டில்களையும் காரில் ஏற்றிவிடுவது. ட்ரெய்லரை மாட்டிய பிறகு காரின் பின்கதவைத் திறந்தால், ட்ரெய்லரின் முன்முனையை ஏற்றி இறக்கும் ஜாக்கியின் கைப்பிடியில் இடிக்கும். இட்லிப் பொட்டலம் கதவுக்கு உள்ளே, நான் வெளியே என்று நின்றிருக்கிறேன். இரண்டு, ட்ரெய்லரின் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து முட்டுக் கொடுப்பது.

இப்போது ஜாக்கியைச் சுற்றி, கப்ளரின் அடிப்பாகம் பந்தின் தலையைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்கும்படி தூக்குங்கள். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தால் பம்பரில் ஓட்டை விழும்.

புதிதாகப் பழகுகிறவர்கள் திணறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பந்தை மிகச் சரியாகக் கப்ளருக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நினைத்து, பத்து முறை முன்னும் பின்னும் போவார்கள். வீட்டு முற்றம் சமதளமாக இருந்தால் அதற்கு அவசியமே இல்லை. 300 கிலோ ட்ரெய்லர், ஜாக்கியின் அடியில் சின்னச் சக்கரமும் இருக்கிறது. காரை ஒரு முழ தூரத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, கட்டைகளை எடுத்துவிட்டு, ட்ரெய்லரைக் கையால் இழுத்துப் பந்தின் மேல் கொண்டுவந்துவிடலாம். கொண்டுவந்ததும் கட்டைகளைத் திரும்ப வையுங்கள்.

சரிவான முற்றத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம். 300 கிலோ உருள ஆரம்பித்தால் நீங்கள் பிடித்து நிறுத்த முடியாது. அங்கே கார்தான் ட்ரெய்லரிடம் வர வேண்டும். ரிவர்ஸ் கேமரா இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் காரின் பின்கண்ணாடி நடுவில் செங்குத்தாக ஒரு டேப் ஒட்டுங்கள். உள்கண்ணாடியில் பார்க்கும்போது அந்த டேப்பும் படகின் அணியமும் ஒரே கோட்டில் நின்றால் நேராகத்தான் வருகிறீர்கள். (கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: படகின் முன்முனைதான் அணியம்.)

தூரத்துக்கு நான் செய்தது ஒரு செங்கல் வித்தை. ட்ரெய்லரை எப்போதும் முற்றத்தில் ஒரே இடத்தில்தான் நிறுத்துவேன். ஒரு நாள் சரியாக மாட்டிய பிறகு, ஓட்டுநர் கதவுக்கு நேர் கீழே, புல் ஓரமாக ஒரு செங்கல்லைப் பதித்துவிட்டேன். இப்போது கதவைத் திறந்து கீழே பார்த்தபடி மெதுவாக வந்து, செங்கல்லும் கதவின் ஓரமும் ஒன்றானதும் நிறுத்துகிறேன். ஆக்சிலரேட்டரைத் தொடவே வேண்டாம், பிரேக்கைத் தளர்த்தி நகரவிட்டால் போதும். சந்தேகம் வந்தால் இறங்கிப் பாருங்கள். நான்கு முறை இறங்கினாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை, பார்க்கத்தான் யாரும் இல்லையே!

கப்ளர் பந்தைக் கவ்வியதா?

ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். கப்ளரின் தாழ்ப்பாளைத் திறந்து, ஜாக்கியைச் சுற்றி மெதுவாக இறக்குங்கள். கிண்ணம் பந்தின் மேல் உட்காரும்போது 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு தாழ்ப்பாளை மூட வேண்டும்.

என் முதல் வருடத்தில் இங்கேதான் தப்பு நடந்தது. 'டொக்' கேட்டது, தாழ்ப்பாளும் மூடியது. கிளம்பி, முற்றத்திலிருந்து தெருவுக்கு இறங்கும் சின்ன விளிம்பில் கார் ஏறி இறங்கியதும் பின்னால் ஒரு குலுக்கல். இறங்கிப் பார்த்தால் கப்ளர் பந்தை விட்டுவிட்டுச் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பின்கதவில் ஒரு குழி, இன்னும் அப்படியே இருக்கிறது. காரணம் என்ன? கப்ளரின் உள்ளே, பின்பக்கம் நாக்கு போல ஒரு இரும்புத் துண்டு இருக்கும். தாழ்ப்பாளை மூடும்போது அது மேலே ஏறிப் பந்தின் கழுத்தைக் கீழ்ப்பக்கமாகப் பிடிக்க வேண்டும். நான் முழுக்க இறக்குவதற்குள் மூடியதால், நாக்கு பந்தின் கழுத்துக்குப் போகாமல் அதன் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நின்றிருக்கிறது. மேலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

அதனால் இரண்டு சோதனைகள். முதலாவது, குனிந்து கீழிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், விரலால் தடவியும் பாருங்கள். பந்தின் கழுத்தை ஒட்டி நாக்கு இருக்க வேண்டும். இரண்டாவது, தாழ்ப்பாளை மூடிய பிறகு ஜாக்கியை மறுபடி மேலே சுற்றுங்கள். கப்ளரோடு சேர்ந்து காரின் பின்பக்கமும் ஒரு அங்குலம் எழும்ப வேண்டும். கார் அசையாமல் கப்ளர் மட்டும் கழன்று மேலே வந்தால், கவ்வவில்லை என்று அர்த்தம். வேறு யாரும் சரிபார்க்க இல்லாதபோது இந்த ஜாக்கிதான் உங்கள் சாட்சி.

சரி, கவ்விவிட்டது. தாழ்ப்பாளில் ஒரு துளை இருக்கும், அதில் கடையாணி போலச் செருகும் ஆணியையோ பூட்டையோ போடுங்கள். ஜாக்கியை முழுக்க மேலே ஏற்றி, பக்கவாட்டாக மடக்கிப் பூட்டுங்கள். மடக்க மறந்தால் தார்ச்சாலையில் தீப்பொறி பறக்கப் போவீர்கள்.

சங்கிலிகள்

அன்று என் படகைக் காப்பாற்றியது இவைதான். ஒன்டாரியோ போக்குவரத்துச் சட்டமே, ஒன்று அறுந்தாலும் இன்னொன்று தாங்கும்படி இரண்டு தனித்தனிப் பிணைப்புகள் வேண்டும் என்கிறது. ட்ரெய்லரின் இடது சங்கிலியைக் காரில் பந்துக்குப் பக்கத்தில் இருக்கும் வலது துளையிலும், வலது சங்கிலியை இடது துளையிலும் மாட்டுங்கள். இப்படிக் குறுக்காகப் போட்டால் அடியில் ஒரு தொட்டில் மாதிரி அமையும், கப்ளர் கழன்றாலும் தரையில் குத்தாமல் அதில் விழும். கொக்கியைக் கீழிருந்து மேலாக மாட்டினால் குலுக்கலில் எளிதில் கழலாது. திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்ச்சி வேண்டும், ஆனால் தரையில் உரசக் கூடாது. நீளம் அதிகம் என்று சங்கிலியை முறுக்கிச் சுருக்காதீர்கள், பலம் குறையும்.

விளக்குகள்

நான்கு முனை பிளக் ஒன்றைக் காரில் செருக வேண்டும். வெள்ளை வயர் எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது சிக்னலும் பிரேக்கும், பச்சை வலது சிக்னலும் பிரேக்கும். பிரேக்கை மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மினுக்குகிறது, எல்லாம் மங்கலாக எரிகிறது என்றால் பல்பை மாற்ற ஓடாதீர்கள். பெரும்பாலும் வெள்ளை வயர் ட்ரெய்லரின் சட்டத்தில் இணையும் திருகு துருப்பிடித்திருக்கும். சுரண்டித் திரும்ப முடுக்கினால் சரியாகிவிடும்.

தனியாளுக்குப் பிரேக் விளக்கைச் சோதிப்பதுதான் சிக்கல். போனை ட்ரெய்லருக்குப் பின்னால் ஒரு வாளியில் சாய்த்து வீடியோ ஓடவிட்டு, காரில் உட்கார்ந்து வரிசையாக இடது, வலது, பிரேக், பின்விளக்கு என்று போட்டுவிட்டு வந்து பாருங்கள். போனை எடுத்த பிறகு கிளம்புங்கள். இதையும் அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

அணியத்தில் வின்ச் பட்டை (படகை ட்ரெய்லர் மேல் இழுத்துப் பிடிப்பது) இறுக்கமாக இருக்கிறதா, அதற்குத் துணையாகத் தனிச் சங்கிலி மாட்டியிருக்கிறதா, பின்பக்கம் படகை ட்ரெய்லரோடு கட்டும் இரண்டு பட்டைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். டயர் காற்றைக் கிளம்பும் முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். என் ட்ரெய்லர் டயரில் 60 பிஎஸ்ஐ என்று இருக்கிறது, காருக்கு 35தான். காருக்கு அடிக்கிற அளவே இதற்கும் போதும் என்று நினைத்தால் டயர் சூடாகி வெடிக்கும். கடைசியாகச் சக்கரக் கட்டைகளை எடுத்துக் காரில் போடுங்கள்.

பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். தாழ்ப்பாள், சங்கிலி, பட்டை மூன்றையும் தொட்டுப் பாருங்கள். அப்புறம் சக்கரத்தின் நடுப்பகுதியில் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை, அங்கேயே பயணத்தை நிறுத்துங்கள்.

ஏரிக்கரையில் படகை இறக்கும் முன் விளக்கு பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சூடான பல்பு குளிர்ந்த நீரில் விரிசல் விடும். இன்னொன்று: 2022 முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் கொண்டுபோகும்போது அடியில் இருக்கும் நீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி மாதிரி வந்தேறி உயிர்கள் ஏரி விட்டு ஏரி பரவாமல் இருக்கத்தான். அப்படியானால் தண்ணீரில் இறக்கும் முன் அதை மறுபடி போட நினைவிருக்க வேண்டும், இல்லையா? அந்த அடைப்பானை நான் கார் சாவிக்கொத்திலேயே மாட்டி வைத்திருக்கிறேன்.