எறும்பு வேடம் போட்ட நாவாய்ப்பூச்சி: அடையாளம் காண்பதில் நேரும் தவறுகள்

ஐரோப்பாவில் வில்லோ, பிர்ச் மரக்கிளைகளில் எறும்புகளோடு எறும்பாக ஓடித் திரியும் ஒரு பூச்சி உண்டு. பெயர் பைலோபோரஸ் கிளாவாட்டஸ். நீளம் 5 மில்லிமீட்டர் அளவுதான். எறும்பே இல்லை, மிரிடே குடும்பத்து நாவாய்ப்பூச்சி (ஊசிமூக்கால் உறிஞ்சும் பூச்சி வகை).

பலரும் ஏமாறுவது இடுப்பில்தான். எறும்புக்கு நிஜமாகவே இடுப்பு ஒடுங்கியிருக்கும். இதற்கோ இறக்கையின் குறுக்கே வெள்ளிநிற மயிர்ப் பட்டைகள் ஓடுகின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அந்த இடத்தில் உடல் ஒடுங்குவதுபோல் தோன்றும். வெறும் கண்கட்டு வித்தை! மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். பக்கவாட்டில் பாருங்கள்: கடிக்கும் தாடை இருந்தால் எறும்பு, தலைக்கடியில் மடக்கிய ஊசிமூக்கு இருந்தால் நாவாய்ப்பூச்சி. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கும். நாவாய்ப்பூச்சியின் உணர்கொம்பில் நான்கே கணுக்கள், அந்த மடிப்பு கிடையாது.

சரி, நாவாய்ப்பூச்சி என்று தெரிந்துவிட்டது. அடுத்து வருவதுதான் பெரிய தவறு: எறும்புச் சாயல் உள்ளவை எல்லாம் ஒரே இனக்கூட்டம் என்று நினைப்பது. மிரிடே குடும்பத்துக்குள்ளேயே இந்த வேடம் தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கிறது. குடும்பத்துக்கு வெளியிலும் உண்டு. நம்மூர்ப் பயறுக் காய்களில் சாறு உறிஞ்சும் ரிப்டார்டஸின் குஞ்சுகள் அச்சு அசல் எறும்பு மாதிரி இருக்கும். அவை அலிடிடே குடும்பம். வளர்ந்ததும் அந்தச் சாயல் போய்விடும்.

நிபுணர்களுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. பைலோபோரஸ் சார்ந்த குழுவை ஒருகாலத்தில் ஆர்த்தோடைலினே துணைக்குடும்பத்தில் வைத்திருந்தார்கள். கால் நகங்களுக்கு இடையே உள்ள நுண்ணுறுப்பு அப்படி எண்ண வைத்தது. 1970களில் அமெரிக்கப் பூச்சியியலாளர் ராண்டல் ஷூ, ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பு அமைப்பைப் பார்த்து அந்தக் குழுவை ஃபைலினே என்ற வேறொரு துணைக்குடும்பத்துக்கு மாற்றினார். பழைய நூலைப் பார்த்து எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பெயரிலும் ஒரு நுணுக்கம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், 1767இல் பைலோபோரஸ் கிளாவாட்டஸை சைமெக்ஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) விவரித்தார். பைலோபோரஸ் பேரினத்தை ஜெர்மானிய விலங்கியலாளர் ஹான் 1826இல்தான் உருவாக்கினார். அதனால் பெயரை முழுதாக எழுதும்போது 'லின்னேயஸ், 1767' என்பதை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். பேரினம் மாறியதற்கு அந்த அடைப்புக்குறியே அடையாளம். அதை விட்டுவிட்டால், முதலிலேயே அவர் பைலோபோரஸ் என்று பெயர் வைத்ததாகப் பொருளாகிவிடும்.

அப்புறம், மிரிடேக்களைத் 'தாவர நாவாய்ப்பூச்சிகள்' என்று சொல்வதால் இதுவும் செடிச்சாறு மட்டுமே குடிக்கும் என்று மருந்தடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். இது அசுவினிகளைப் பிடித்துத் தின்னும்.