சூதாட்ட வரி மாறும்போது குதிரைப் பந்தயத்துக்கு என்ன நேரும்: கணித்தறியும் முறை

கொழும்பின் ரேஸ் புக்கிகளில், அதாவது பந்தயப் பணம் ஏற்கும் நிலையங்களில், பணம் கட்டுபவர்களுள் பலர் இங்கிலாந்தில் ஓடும் குதிரைகள் மீதே கட்டுகிறார்கள். நம் நாட்டுக் குதிரைகளோ நுவரெலியாவில் ஓடுகின்றன. ஆகவே, சூதாட்ட வரி உயர்ந்தது என்ற செய்தியைப் படித்தவுடன் அதன் வீதத்தை மட்டும் பார்த்து, பந்தயத்துறை வாழும் அல்லது வீழும் என்று முடிவு கட்டுவது சரியாகாது.

முதலில், வரி எதன்மீது விழுகிறது என்று பாருங்கள். மற்றெல்லாவற்றையும்விட இதுவே முக்கியமானது. ஒரு புக்கியிடம் 100,000 ரூபாய் கட்டப்படுகிறது என்றும், வென்றவர்களுக்கு அவர் 85,000 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். அவர் கையில் மிஞ்சுவது 15,000 ரூபாய். அந்த மிச்சத்தின்மீது 15 வீதம் வரி என்றால் 2,250 ரூபாய் போகும், தொழில் தொடரும். கட்டிய முழுத் தொகையின்மீதும் 28 வீதம் என்றால் 28,000 ரூபாய் கட்டவேண்டும், அதாவது கையில் இருப்பதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. அந்தச் சுமையைப் பணம் கட்டுபவரின் தலையில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அவரோ வரி கட்டாத கள்ளப் புக்கியைத் தேடிப் போய்விடுவார். இந்தியாவில் பந்தயத்தின் முழு மதிப்பின்மீது 28 வீதமாக இருந்த சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 வீதமாக உயர்த்தப்பட்டது. இதற்கு மாறாக, கட்டும் தொகையின்மீது இருந்த வரியை 2001 இல் கைவிட்ட பிரித்தானியா, புக்கியின் மொத்த இலாபத்தின்மீது 15 வீதம் அறவிடும் முறைக்கு மாறியது.

இலங்கையில் நமது அறவீடு 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க, பந்தய மற்றும் சூதாட்ட அறவீட்டுச் சட்டத்தின்கீழ் வருவது. அதன் திருத்தங்களை அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலேயே படிக்கலாம். அவற்றைத் திறந்ததும் வீத அட்டவணைக்குத் தாவாமல், வரி விழும் தொகையான ‘மொத்தச் சேகரிப்பு’ என்பதற்குச் சட்டம் தரும் பொருள்கோடலையும், திருத்தம் நடைமுறைக்கு வரும் திகதியையும் முதலில் படியுங்கள்.

அடுத்து, அறவிட்ட பணம் எங்கே போகிறது என்று தேடுங்கள். பிரித்தானியாவில் வரிக்கு அப்பால் தனியாக ஓர் அறவீடும் உண்டு. பிரித்தானியப் பந்தயங்களில் புக்கிகள் பெறும் மொத்த இலாபத்தில் 500,000 பவுணுக்கு மேற்பட்ட பகுதியின் 10 வீதம், பரிசுத் தொகை, மிருக வைத்தியம், பந்தய நேர்மைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்காகத் துறைக்கே திரும்புகிறது. நம் அறவீடு அரசின் பொது வருமானத்தில் சேர்கிறது. நுவரெலியா லாயத்தில் விடியற்காலையில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் தொழிலாளியின் சம்பளத்துக்கு அதிலிருந்து ஒரு பங்கேனும் ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவதாக, மற்றச் சூதாட்டங்களின் வீதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்லொட் போன்ற இணையச் சூதாட்டத்துக்கும் இணையப் பந்தயத்துக்கும் ஒரே வீதம் விதிக்கும் யோசனையை பிரித்தானிய அரசு முன்வைத்தபோது, 2025 செப்டம்பர் 10 அன்று அங்கு ஒரு பந்தயமும் நடத்தாமல் துறையினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். குதிரையை வளர்ப்பதற்கும் ஓடுதளத்தைப் பேணுவதற்கும் ஆகும் செலவு எதுவும் கணினித் திரையில் சுழலும் ஸ்லொட் விளையாட்டுக்கு இல்லை. இரண்டுக்கும் வீதம் ஒன்றானால் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரை ஸ்லொட் பக்கமே தள்ளும். இந்த வாதம் எடுபட்டது. நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் இணையச் சூதாட்ட வரி 2026 ஏப்ரலிலிருந்து 21 இலிருந்து 40 வீதமாகவும், இணையப் பந்தய வரி 2027 ஏப்ரலிலிருந்து 25 வீதமாகவும் உயரும் என்று அறிவிக்கப்பட்டபோதும், பிரித்தானியக் குதிரைப் பந்தயம் 15 வீதத்திலேயே விடப்பட்டது.

வென்றவரின் மீதான வரியையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 2026 முதல், சூதாட்ட நட்டத்தில் 90 வீதத்தை மட்டுமே வெற்றிப் பணத்திலிருந்து கழிக்க முடியும். ஆண்டு முழுவதும் 100,000 டொலர் வென்று அதே அளவு இழந்தவர், கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையிலும் 10,000 டொலருக்கு வரி கட்டவேண்டும். அந்நாட்டில் பந்தயப் பணத்தின் ஒரு பங்கிலிருந்தே குதிரைச் சொந்தக்காரருக்கான பரிசு உருவாகிறது. ஆதலால் பெருந்தொகை கட்டுபவர்கள் விலகினால் அப்பரிசும் சுருங்கும்.

இறுதியாக, வரி மாறுவதற்கு முந்திய பருவத்தின் பரிசுத் தொகையையும் ஓடிய குதிரைகளின் எண்ணிக்கையையும் பிந்திய பருவத்தோடு ஒப்பிடுங்கள். வீழ்ச்சி தெரிந்தால், வேறு காரணம் உண்டா என்றும் விசாரியுங்கள். கொழும்பு ரேஸ்கோர்ஸில் 1956 இல் பந்தயம் நின்றதற்குக் காரணம் அரசியல் முடிவு. சென்னை கிண்டியின் பந்தயத் திடலை 2024 இல் தமிழ்நாட்டு அரசு மீட்டெடுத்தது குத்தகைத் தகராற்றினால். இத்தகைய நிகழ்வுகளை வரியின் கணக்கில் சேர்த்தால் கணிப்பு பிழைத்துவிடும்.